பதினைந்தாயிரத்து அறுபது

வெர்லீனின் வலக்கையில் கட்டைவிரலும் அதையடுத்த இரண்டு விரல்களும் காலை ஏழு மணிக்கே செத்துப்போயிருந்தன. முழங்கைவரை ஏறிய குத்தல் மட்டும் உயிரோடிருந்தது. கையைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, உதறி, மறுபடி கத்தியை எடுத்தாள். நண்டு உரிக்கிற கத்தி ஒரு விரல் நீளம்தான். அது பிடியில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த லியேன் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ரத்தம் வருது பாரு. தள்ளி வெச்சுக்க. மொதலாளி பாத்தான்னா சதை கெட்டுப்போச்சேன்னுதான் பதறுவான்."

ஆள்காட்டி விரலில் அரை அங்குலத்துக்கு வெட்டு. கத்தி இறங்கியதும் தெரியவில்லை, ரத்தம் வந்ததும் தெரியவில்லை. வெர்லீன் ஏப்ரனில் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் கையுறையை இழுத்துவிட்டு அடுத்த நண்டை உடைத்தாள்.

அலபாமாவின் தென்கோடியில், கடல் உள்ளே புகுந்து சேறாகக் கிடக்கும் ஊர் அது. அங்கே டுப்ரே நண்டுக் கம்பெனியில் வெர்லீனுக்கு இருபத்திரண்டாவது வருடம். வயது ஐம்பத்தேழு. புருஷன் இறால் படகுக்காரன். போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. லியேன் வியட்நாமிலிருந்து சின்ன வயதில் வந்தவள். அவளும் அதே மேசையில் அதே அளவு காலம் தேய்ந்தவள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டாமல் ஒரு பவுண்டுகூட உரித்ததில்லை.

அங்கே கூலி பவுண்டுக் கணக்கு. ஒரு பவுண்டு சதைக்கு இரண்டே முக்கால் டாலர். தட்டு நிறைந்ததும் தராசுக்குக் கொண்டுபோனால் எடை போட்டு மஞ்சள் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தருவார்கள். சுவரில் இருக்கும் கரும்பலகையில் அவரவர் நம்பருக்கு நேரே எழுதுவார்கள். வெர்லீன் பதினாலாம் நம்பர். இதில் முதலாளி எல்ரிக் டுப்ரே ஓர் ஏற்பாடு வைத்திருந்தான். ஒரு நாளில் உரித்த முதல் இருபத்திரண்டு பவுண்டுக்குத்தான் செக். அதற்கு மேலே உள்ளது வெள்ளிக்கிழமை பழுப்புக் கவரில் ரொக்கமாக வரும். அந்த இருபத்திரண்டு ஒன்றும் அவன் கனவில் வந்த எண்ணல்ல. எட்டு மணி நேரத்துக்குச் சட்டம் சொல்கிற குறைந்தபட்சக் கூலி இருபத்திரண்டு பவுண்டோடு தீர்ந்துவிடும். மிச்சத்தையும் கணக்கில் காட்டினால் அதற்கும் அவன் தன் பங்குக்கு வரி கட்டவேண்டும். காட்டாவிட்டால் வேண்டாம். அவ்வளவுதான் அவன் மூளை. அந்த மூளைக்குத்தான் ஊரில் கெட்டிக்காரன் என்று பெயர்.

பெண்களுக்கும் கவர் பிடித்துத்தான் இருந்தது. வரி பிடிக்காத காசு. தாளில் வருமானம் குறைவாக இருந்தால் அரசாங்கத்தின் உணவு அட்டையிலும் கூடுதலாக விழும். தாளில் எவ்வளவு சின்ன ஆளாக இருக்கிறோமோ அவ்வளவு பத்திரம் என்பது அந்த மேசையின் வேதம். எப்போதோ ஒருத்தி, எனக்குக் கவர் வேண்டாம், எல்லாவற்றையும் செக்கிலேயே போடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவளைக் கிறுக்கி என்று சிரித்தவர்களில் வெர்லீனும் உண்டு.

கை மரத்துப்போக ஆரம்பித்து ஒன்றரை வருடமாகிறது. நாற்பது பவுண்டு உரித்தவள் முப்பத்திரண்டுக்கு வந்தாள், பிறகு முப்பது. இந்த அக்டோபரில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இருபத்தேழில் நின்றது. பாப்டிஸ்ட் தேவாலயத்துக் கூடத்தில் மாதம் ஒருமுறை இலவசமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனாள். அவர் கட்டைவிரலின் அடிச்சதையை அழுத்திப் பார்த்தார். இடக்கையில் கோழி முட்டைபோல் இருந்த மேடு வலக்கையில் குழிந்திருந்தது. மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கிச் சாகிறது, கீறி விட்டால் பிழைக்கும், கோடைக்குள் செய்யாவிட்டால் அந்த விரல்கள் விரல் மாதிரி இருக்குமே தவிர வேலைக்கு ஆகாது என்றார். கீறுகிறவர்கள் மொபீல் நகரத்தில் இருந்தார்கள். அங்கே போன் செய்தபோது எடுத்த பெண் முதலில் கேட்டது பெயரை அல்ல, இன்சூரன்ஸை. இல்லை என்றதும் நாலாயிரத்து இருநூறு டாலரை முன்பணமாகக் கட்டினால் தேதி தருவதாகச் சொன்னாள். குரலில் தேன் வழிந்தது. இல்லை என்று சொல்லிப் பழகியவர்கள் எப்போதும் இனிப்பாகத்தான் சொல்வார்கள்.

நவம்பர் பிறந்ததும் நூலகத்தில் ஒரு மேசை போட்டார்கள். மேசைக்குப் பின்னால் தெரோன் என்று ஒரு இளைஞன், கழுத்தில் அடையாள அட்டை, எதிரே லேப்டாப். இன்சூரன்ஸ் வாங்க அரசாங்கம் வைத்திருக்கிற சந்தையில் ஏழை எளியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது அவன் உத்தியோகம்.

சந்தை என்றுதான் அதற்குப் பெயர். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று அதில் சரக்குக்கும் பெயர் உண்டு. வெர்லீன் சந்தையைப் பார்க்காதவள் அல்ல. எந்தச் சந்தையிலும் கையில் காசில்லாதவளைக் கடைக்காரன் கூப்பிடாமல் விடமாட்டான். அழுகின தக்காளியையாவது தலையில் கட்டுவான். இந்தச் சந்தை வேறு மாதிரி. வாசலிலேயே நிறுத்தி, அடுத்த வருடம் எவ்வளவு சம்பாதிப்பாய் என்று கேட்டது.

"அத நண்டுகிட்டதான் கேக்கணும், தம்பி" என்றாள் வெர்லீன்.

தெரோன் சிரித்துவிட்டு, போன வருடத்துத் தாள் இருந்தால் போதும் என்றான். அவள் தாளைக் கொடுத்தாள். பதினோராயிரத்து நானூறு. அவன் தட்டினான். திரை யோசித்தது. பிறகு வெள்ளித் திட்டம், மாதம் தொள்ளாயிரத்துப் பத்து டாலர் என்று காட்டியது.

"தப்பா அடிச்சிட்டியா?"

"இல்லம்மா. உங்களுக்கு உதவித்தொகை கிடைக்கல."

"ஏன், நான் பணக்காரியா?"

அவன் அடையாள அட்டையின் நாடாவைத் திருகினான். பிறகு சொன்னான். தனியாளுக்குப் பதினைந்தாயிரத்து அறுபது டாலர் என்று ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே சம்பாதித்தால் சந்தை உதவி செய்யும். கோட்டை ஒட்டி இருக்கிறவர்களுக்கு மாதம் ஒரு டாலர்கூட ஆகாது. அதற்குக் கீழே இருக்கிறவர்களை மாநில அரசாங்கம் தன் ஏழைகள் மருத்துவ அட்டையில் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்துச் சட்டம் எழுதினார்கள். இந்த மாநிலம் சேர்த்துக்கொள்ளமாட்டேன் என்றுவிட்டது. ஆகவே கீழே இருக்கிறவர்களுக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை.

வெர்லீன் அதை மனதுக்குள் இரண்டு முறை உருட்டிப் பார்த்தாள். "அப்ப, கொஞ்சம் ஏழைக்கு உண்டு. ரொம்ப ஏழைக்குக் கெடையாது."

"சுருக்கமா சொன்னா அப்படித்தான்."

"இத உக்காந்து யோசிச்சு எழுதினாங்களா, இல்ல நின்னுகிட்டே எழுதினாங்களா?"

தெரோன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். வேறு ஏதாவது வருமானம் உண்டா என்று மெதுவாகக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்து விற்கிறது, பிள்ளை பார்த்துக்கொள்கிறது, எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் இல்லாததைச் சொல்லச் சொல்லித்தர எனக்கு அனுமதியில்லை என்றும் சேர்த்துக்கொண்டான். வெர்லீனுக்குக் கவர் ஞாபகம் வந்தது. கவரைப் பற்றி வெளியாளிடம் வாய் திறப்பதில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் மேசையில் லியேனிடம் சொன்னபோது அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நண்டு பாதி உடைந்து கிடக்கும்போது லியேன் கத்தியை வைப்பது அபூர்வம்.

"பதினோராயிரம்னா சொன்ன?"

"தாள்ல அதான இருக்கு."

"உன்ன என்ன, சர்ச்சுல நிறுத்தியா கேட்டாங்க? நான் பதினேழாயிரம்னு சொன்னேன். மூணு வருஷமா அட்டை வெச்சிருக்கேன், பல்லுகூட பாத்தாச்சு."

"நீ அவ்ளோ எங்கடி சம்பாதிச்ச?"

"சம்பாதிப்பேன்னு சொன்னேன். சம்பாதிச்சேன்னா சொன்னேன்? நெனைக்கிறதுக்குமா வரி?"

வெர்லீன் அன்று உரித்தபடியே கணக்குப் போட்டாள். செக்கில் பதினோராயிரத்து நானூறு. கவரில் வருடத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு. இரண்டும் சேர்ந்தால் பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம். லியேன் மாதிரிப் பொய் சொல்லவே வேண்டாம். கோட்டுக்கு மேலேதான் இருக்கிறாள், எண்ணூற்று நாற்பது டாலர் மேலே. வருடத்தில் நூற்றுத்தொண்ணூறு நாள் வேலை. நாளுக்கு இருபத்தொன்பது பவுண்டு உரித்தால் கோட்டைத் தொட்டுவிடலாம். இதை நினைத்ததும் அவளுக்கு வாய்க்குள் கசந்தது. இருபத்தொன்பது பவுண்டு உரிக்கிற கைக்குத்தான் வைத்தியம் உண்டு. அவ்வளவு உரிக்க முடியாத கைக்கு வைத்தியம் கிடையாது. ஓடுகிற குதிரைக்கு மட்டும் லாடம் அடிப்போம், நொண்டினதை ஓடிவிட்டு வரச்சொல் என்கிறார்கள்.

நூலகத்துக்குத் திரும்பிப்போனாள். தெரோன் அவளை வேறு ஒன்றும் கேட்கவில்லை. பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம் என்று அடித்ததும் திரை அதே வெள்ளித் திட்டத்தைக் காட்டியது, விலை பூஜ்யம். ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து அட்டை. நாலாயிரத்து ஐந்நூறு டாலரைக் கூடுதலாகச் சொன்னதற்குத் தொள்ளாயிரத்துப் பத்து டாலர் கழிந்துபோயிற்று. பிச்சைக்காரனிடம், போய் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா, பிச்சை போடுகிறேன் என்று சொன்னால் ஊர் காறித் துப்பும். இதற்குச் சட்டம் என்று பெயர்.

முதல்முறை அவள் சொன்னது தாளில் இருந்த பொய். அதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார்கள். இரண்டாம் முறை சொன்னது நிஜம். அதற்குத்தான் மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. எங்களிடமுள்ள பதிவின்படி உங்கள் வருமானம் நீங்கள் சொன்னதைவிடக் குறைவு. நீங்கள் சொன்னது சரிதான் என்பதற்குப் பிப்ரவரி இருபத்தைந்துக்குள் ஆதாரம் அனுப்பாவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும். சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம், வரித்தாள், சுயதொழில் கணக்கு என்று நாலு வகை ஆதாரம் எழுதியிருந்தார்கள். மொபீலுக்குப் போன் செய்து கேட்டாள்: ஜனவரியில் டாக்டரிடம் அட்டையைக் காட்டி, நரம்பில் ஊசி குத்திச் சோதித்து, இன்சூரன்ஸ் கம்பெனி சம்மதம் கொடுத்து, ஆபரேஷனுக்குக் கிடைக்கக்கூடிய முதல் தேதி மார்ச் நாலு என்றார்கள். இடையில் ஏழு நாள். அந்த ஏழு நாளில் அட்டை போனால் கையும் போய்விடும்.

ஆகவே எல்ரிக் டுப்ரேயின் அறைக்குப் போனாள்.

அவன் மேசைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வறுத்த கோழி தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அறுபத்தொரு வயது, நாலு படகு, தண்ணீரைப் பார்த்த வீடு. அவனும் அதே சந்தையில்தான் இன்சூரன்ஸ் வாங்கியிருந்தான். படகுகளின் தேய்மானத்தைக் கழித்துக் கழித்து அவன் கணக்கர் அவனைத் தாளில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைவிட ஏழையாக்கி வைத்திருந்தார். அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. தானும் புருஷனும் சேர்ந்து மாதம் தொண்ணூறு டாலர்தான் கட்டுகிறோம் என்று அவன் பெண்டாட்டி தேவாலய விருந்தில் எல்லோரிடமும் பெருமையடித்திருந்தாள். ஏழையாவதிலும் ஒரு அளவு வேண்டும். அளவாக ஏழையாவதற்குக் கணக்கர் வைத்துக்கொள்ள வசதி வேண்டும்.

வெர்லீன் நின்றபடியே சொன்னாள். கவரில் கொடுத்ததையும் சேர்த்து வருடச் சம்பளம் இவ்வளவு என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

எல்ரிக் எலும்பைத் தட்டில் போட்டான். "எந்தக் கவர், வெர்லீனு?"

"வெள்ளிக்கெழம கவர், மொதலாளி. இருவத்திரெண்டு வருஷமா குடுக்கிறீங்களே, அது."

"அது சம்பளம்னு எவன் சொன்னான்? நல்லா வேல செய்றவங்களுக்கு நான் பிரியப்பட்டுக் குடுக்கிறது."

"பவுண்டுக்கு ரெண்டே முக்கா டாலர்னு அளந்தா பிரியப்படுவீங்க?"

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு விளக்கம் சொன்னான். உனக்கு ஒருத்திக்கு எழுதினால் பத்தொன்பது பேருக்கும் எழுதவேண்டும். பத்தொன்பது பேருக்கும் எழுதினால் வரிக்காரன் பத்து வருடத்தைத் தோண்டுவான். கம்பெனி மூடும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து எதை உரிப்பீர்கள். கவர் வேண்டும் என்று கேட்டவர்கள் நீங்கள்தானே. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் எப்படி. இதையெல்லாம் கோபமில்லாமல், கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். அதில் ஒரு சொல் அவளைச் சுட்டது. கேட்டது நிஜம்தான். கேட்கும்படி வைத்தவன் அவன்தான் என்பதும் நிஜம். ஆனால் அந்த அறையில் ஒரு நிஜத்துக்குத்தான் நாற்காலி இருந்தது.

கடைசியாகச் சொன்னான்: "கை முடியலன்னா சொல்லு. யாரும் உன்னப் புடிச்சு வெக்கல. போறப்ப குளிர்பெட்டியில ஒரு பன்றித்தொடை இருக்கு, கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்க."

அவள் பன்றித்தொடையை எடுத்துக்கொண்டாள். ஐந்து பவுண்டு. வேண்டாம் என்று விட்டுவிட்டு வருகிற ரோஷத்தையெல்லாம் பசிக்காதவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

தொடையைச் சமைத்த ஞாயிறன்று லியேன் வந்திருந்தாள். தின்றபடியே எல்ரிக்கை அவன் முப்பாட்டன்வரைக்கும் திட்டினாள். பிறகு, சீட்டைக் காட்டக்கூடாதா என்று கேட்டாள்.

"எந்தச் சீட்டு?"

"மஞ்சச் சீட்டுதான். நீ ஒருத்திதான் அதத் தூக்கிப் போடாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போறவ. நாங்க எல்லாம் சிரிப்போம்."

நிஜம்தான். பதினைந்து வருடம் முன்னால் ஒருநாள் பலகையில் மூன்று பவுண்டு குறைத்து எழுதினார்கள். சீட்டைக் காட்டி வாங்கினாள். அன்றிலிருந்து தினமும் சீட்டைக் காப்பித் தகர டப்பாவில் போட்டுவைப்பது பழக்கமாகிவிட்டது. எதற்கென்று அவளுக்கே தெரியாது. டப்பாவை நிரப்பி அடுத்த டப்பா, அதையும் நிரப்பி அடுத்தது. அலமாரிக்கு மேலே பதினொன்று இருந்தன. இந்த வருடத்து டப்பாவை மேசையில் கவிழ்த்தார்கள். நண்டு நாற்றம் அடிக்கிற, மஞ்சள் வெளுத்த சீட்டுக் குவியல். ஒவ்வொன்றிலும் தேதி, பதினாலாம் நம்பர், எடை. தராசுக்காரனின் கிறுக்கல் கையெழுத்து.

தெரோனிடம் கொண்டுபோனபோது அவன் ஒரு சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். முதலாளி சம்பளம் என்று ஒத்துக்கொள்ளாத காசைச் சம்பளம் என்று காட்ட என்னால் முடியாது என்றான். ஆனால் அந்தக் கடிதத்தில் நாலாவதாகச் சுயதொழில் கணக்கு என்று ஒன்று இருந்தது. இருபத்திரண்டு பவுண்டுக்கு மேலே உரித்ததை அவள் தன் சொந்தத் தொழிலாகச் செய்து விற்றாள் என்று எழுதலாம். தேதி, எடை, தொகை, யாருக்கு. அவள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வரித்தாளிலும் அப்படியே காட்டவேண்டும்.

"அவன் கம்பெனியில, அவன் நண்டு, அவன் மேசை, அவன் தராசு. அதுல எனக்குச் சொந்தத் தொழிலா?"

"தாள்ல அப்படித்தாம்மா வரும்."

"காலையில ஏழுலேருந்து ரெண்டுவரைக்கும் கூலிக்காரி. ரெண்டு மணிக்கு மேல முதலாளி. நல்லா இருக்கு."

ஒரு வாரம் எழுதினாள். வலக்கை எழுத வரவில்லை. பேனா வழுக்கி விழுந்தது. லியேன் சீட்டைப் படிக்க, இடக்கையால் கோழி கிளறியதுபோல எழுதினாள். ஒரு வரி இப்படி: பிப்ரவரி ஒன்பது, முப்பத்திரண்டு பவுண்டு, மேலே பத்து, இருபத்தேழரை டாலர். நூற்றுத்தொண்ணூறு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வாங்கியவர் என்ற இடத்தில் எல்ரிக் டுப்ரே, டுப்ரே நண்டுக் கம்பெனி என்று முழுப்பெயரை எழுதினாள். சுருக்கி எழுதலாமே என்று லியேன் சொன்னதற்கு, முழுசாகவே இருக்கட்டும், எனக்குக் கை வலிக்கவில்லை என்றாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் வரித்தாள். நூலகத்தின் அதே மூலையில் ஓய்வுபெற்ற பெண்மணி ஒருவர் இலவசமாக எழுதித் தந்தார். சுயதொழில் என்றதும் அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டினார். நாலாயிரத்து ஐந்நூறு டாலருக்கு மட்டும் தனியாக அறுநூற்று முப்பத்தாறு டாலர் வரி வந்தது. ஏன் இவ்வளவு என்று வெர்லீன் கேட்டாள். கூலிக்காரர் என்றால் பாதியை நீங்கள் கட்டுவீர்கள், பாதியை முதலாளி கட்டுவார். சுயதொழில் என்றால் இரண்டு பாதியும் நீங்களே என்று அந்த அம்மாள் சொன்னார். அதில் வருத்தமோ ஏளனமோ இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற குரல்.

"அப்ப அவரோட பாதி எவ்ளோ?"

"முந்நூத்திப் பதினெட்டு."

வெர்லீன் அந்தத் தொகையை வாங்கி மனதில் வைத்துக்கொண்டாள்.

வரியைக் கட்டினாள். புருஷனின் படகு மோட்டார் ஒன்று கொட்டகையில் கிடந்தது, அது போயிற்று. உணவு அட்டை அலுவலகத்துக்கும் புது வருமானத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. நூற்றிருபத்துமூன்று டாலர் விழுந்த இடத்தில் முப்பத்தைந்து விழ ஆரம்பித்தது. ஒரு அலுவலகத்தில் ஏழையாக இருந்தால் சோறு, இன்னொரு அலுவலகத்தில் ஏழையாக இல்லாமலிருந்தால் மருந்து. இரண்டும் ஒரே அரசாங்கம். இரண்டிலும் சுவரில் ஒரே கொடி.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி கடிதம் வந்தது. உங்கள் ஆதாரம் ஏற்கப்பட்டது, வேறு எதுவும் செய்யவேண்டியதில்லை. நூற்றுத்தொண்ணூறு முறை எழுதிய எல்ரிக் டுப்ரேயின் பெயரை அங்கே ஒருவரும் படிக்கவில்லை. கூட்டுத்தொகையைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். அந்தப் பெயரைப் படிக்கிற அளவுக்கு யாருக்காவது சம்பளம் கொடுத்திருந்தால் இந்தச் சந்தையே தேவைப்பட்டிருக்காது.

மார்ச் நாலாம் தேதி மணிக்கட்டைக் கீறினார்கள். பதினெட்டு நிமிடம் ஆயிற்று என்று தாதி சொன்னாள். பதினெட்டு நிமிட வேலைக்கு ஐந்து மாதம் ஓடியிருந்தாள். லியேன்தான் காரோட்டிக் கூட்டிவந்தாள். வழியெல்லாம் தன் சுண்டுவிரலும் மரத்துப்போவதாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறு வாரம் வேலை இல்லை, கூலியும் இல்லை. அரிசியும் பீன்ஸும் லியேன் கொண்டுவந்து போட்டாள், போடும்போதெல்லாம் சொல்லிக்காட்டினாள். நாலாம் வாரம் கட்டைவிரல் நுனியில் ஊசி குத்துவதுபோல ஏதோ வந்தது. வலி. வெர்லீன் அதை ஒரு முழு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். பாதி உணர்ச்சி வரும், அடிச்சதை பழையபடி நிரம்பாது, இன்னும் முன்னாலேயே வந்திருக்கவேண்டும் என்றார் டாக்டர். அவரிடம் பதினைந்தாயிரத்து அறுபதைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை.

ஏப்ரல் நடுவில் திரும்பிப்போனாள். எல்ரிக் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் நண்டு உரிக்க வேறு நாதியில்லை. முதல் நாள் பத்தொன்பது பவுண்டு, வார முடிவில் இருபத்திநாலு. வெள்ளிக்கிழமை கவர் வந்தது, கனமில்லாமல். அவன் மேசைமேல் கவரை நகர்த்தியபோது அவள் எடுத்துக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, மொதலாளி."

"என்ன பாக்கி?"

"போன வருஷக் கவருக்கு வரி கட்டினேன். உங்க பங்கையும் சேத்து நானே கட்டியிருக்கேன். முந்நூத்திப் பதினெட்டு."

எல்ரிக் சிரிக்க ஆரம்பித்தான். வரி என்ற சொல்லில் சிரிப்பு நின்றது. எங்கே கட்டினாய், என்னவென்று எழுதினாய் என்று கேட்டான். நூற்றுத்தொண்ணூறு வரி எழுதினேன், ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் இருக்கிறது, சீட்டு பதினோரு டப்பா இருக்கிறது என்று அவள் சொன்னாள். அதை யாரும் படிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரியவேண்டிய அவசியம் இல்லை.

அவன் முகத்தில் பயத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது. ஒரு கூலிக்காரி தன் கணக்கைத் தனக்கே படித்துக்காட்டிய அவமானம். பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான். தட்டிக்கழிக்கிற குரல் அவனுக்கு எப்போதும் கைவசம் உண்டு.

வெர்லீன் உரிக்கும் கூடத்துக்கு வந்தாள். கரும்பலகைக்குக் கீழே சாக்குக்கட்டி கிடந்தது. பதினாலாம் நம்பருக்கு நேரே அன்றைய இருபத்திநாலுக்குப் பக்கத்தில், வலக்கையாலேயே, கோணல்மாணலாக 318 என்று எழுதினாள். கட்டி விரலுக்குள் இருப்பது பார்க்காமலே தெரிந்தது.

லியேன் திரும்பிப் பார்த்தாள். "என்னடி அது, ஒரே நாள்லயா உரிச்ச?"

"மொதலாளி உரிச்சது."

மறுநாள் காலையில் அது அழிக்கப்பட்டிருந்தது. வெர்லீன் மறுபடி எழுதினாள். அதற்கு மறுநாளும் அழித்திருந்தான், அவளும் எழுதினாள். ஜூன் வந்துவிட்டது. பலகையில் பதினாலாம் நம்பருக்கு நேரே அந்த இடம் மட்டும் அழித்து அழித்து வெளுத்துப்போயிருக்கிறது. பத்தொன்பது பேருக்கும் அது என்ன எண் என்று தெரியும். ஏழு பேர் சீட்டைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள்.

எல்ரிக் டுப்ரே வெர்லீனுக்குத் தரவேண்டியது முந்நூற்றுப் பதினெட்டு டாலர். இன்னும் தரவில்லை.